கிணற்றுத் தண்ணீரில் சேவிங் நுரை நிற்கவில்லையா? கிறீமை மாற்றாதீர்கள்

போன ஆடி மாதம் ஹட்டனிலிருந்து மச்சான் வந்து மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வீட்டில் நாலு நாள் நின்றான். முதல் நாள் காலை கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவிட்டு முகம் வழிக்கத் தொடங்கினான். பிரஷ்ஷைச் சுழற்றுகிறான், சுழற்றுகிறான், நுரை எழும்புகிற மாதிரி வந்து அப்படியே அமுங்கிவிடுகிறது. கன்னத்தில் தயிர்த் தண்ணீர் மாதிரி ஒரு படை, அவ்வளவுதான். "கிறீம் வெயிலுக்குக் கெட்டுப்போச்சு போல மச்சான்" என்றான். நான் உள்ளே போய், மாரியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில் ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தேன். பிரஷ்ஷை அதில் நன்றாக அலசிவிட்டு, அதே கிறீமை அதே பிரஷ்ஷில் மறுபடி குழைத்தான். இரண்டு நிமிடத்தில் நுரை திரண்டு, பிரஷ் நுனியில் சாயாமல் நின்றது.

எல்லோரும் முதலில் செய்கிற தவறு இதுதான். தண்ணீரின் குறையைக் கிறீமின் தலையில் போட்டு, இன்னும் விலை கூடியதை வாங்குவது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தக் கிணற்றில் அது கொஞ்சம்தான் நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்திருப்போம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, சிப்பியையும் சுண்ணாம்பையும் கரைத்தெடுத்துக்கொண்டு போகிறது. அப்படிச் சேர்ந்த கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்து, கரையாத வெள்ளைத் துகளாக மாற்றிவிடுகின்றன. வாளி விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதுதான். தண்ணீரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் வன்மை. அதைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அது மிகவும் வன்மையான நீர். 300 மில்லிகிராம் உள்ள ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1.8 கிராம் சவர்க்காரத்தைச் சும்மா விழுங்கிவிடும். முகம் வழிக்கக் குழைக்கிற தண்ணீர் ஒன்றிரண்டு மேசைக்கரண்டிதானே, அதில் எவ்வளவு போய்விடும் என்று நினைக்கலாம். போகிற சவர்க்காரம் குறைவுதான். ஆனால் உண்டாகிற அந்தத் துகள் சும்மா கிடப்பதில்லை, நுரைக் குமிழிகளை உள்ளிருந்தே உடைக்கிறது. அதனால்தான் நுரை முதலில் எழும்பிப் பிறகு படுத்துவிடுகிறது.

நுரை படுத்ததும் நம்முடைய கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் போகும். வேண்டாம். ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் புதிதாகக் கல்சியத்தைக் கொண்டுவருகிறது. கிணற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால் தண்ணீரைக் குறைத்து, கிறீமையோ சோப்பையோ கூட்டுங்கள். பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு, வழக்கமாகத் தேய்ப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் சோப்பில் தேயுங்கள். முதலில் களி மாதிரி வரும். அதற்குப் பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறுகளில், உப்பு நீரின் மேல் மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் அள்ளுகிறோம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் சவர் மேலேறும். உப்பு கூடினாலும் சவர்க்காரம் சரியாகக் கரையாது. வாயில் வைத்தால் உப்புக் கரிப்பது சவர். கரிப்பே இல்லாமல் நுரையை மட்டும் கொல்வது வன்மை. இரண்டும் சேர்ந்த கிணறுகளும் இருக்கின்றன. பக்கத்து வளவுக் கிணறு நல்லது என்பதற்காக உங்கள் கிணறும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம்.

சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே அளவான இரண்டு சிறிய போத்தல்களில் பாதிப் பாதி தண்ணீர் எடுங்கள், ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் மழைநீர். இரண்டிலும் நகத்தளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு இருபது தரம் குலுக்குங்கள். மழைநீர்ப் போத்தலில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். வன்னீர் பால் மாதிரிக் கலங்கி, மேலே வெள்ளைத் துணுக்கு மிதக்கும்.

"சுடுதண்ணீர் எடுத்தேன், அப்போதும் சரிவரவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். வெதுவெதுப்பு தாடியை மெதுவாக்கும், தண்ணீரை மாற்றாது. கொதிக்க வேண்டும். கேத்தலில் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியைக் கலக்காமல் மேலாக வடித்தெடுத்தால் தற்காலிக வன்மை, அதாவது கொதித்தால் பிரிகிற பங்கு, போய்விடும். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படை அப்படிப் பிரிந்த சுண்ணாம்புதான். மற்றப் பங்கு நிலையான வன்மை, அது கொதித்தாலும் போகாது. சவர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும்.

சீனக்காரம் கலங்கலைத் தெளியவைக்கும், மண் பில்டர் அழுக்கைப் பிடிக்கும், வன்மையை இரண்டும் தொடாது. தேசிக்காய்ப் புளி விடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், புளி கொஞ்சம் கூடினாலே சவர்க்காரம் முறிந்துவிடும். வாகனப் பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர் மென்மையானது என்பது உண்மை. ஆனால் பற்றறி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் அதே கடையில் இருக்கும். முகத்தில் படுகிற விஷயம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முழு வீட்டுத் தண்ணீரையும் திருத்த வேண்டியதில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு தரம் வழிக்க ஒரு கோப்பை, 200 மில்லிலீற்றர் போதும். ஐந்து லீற்றர்க் கானில் 25 நாள் ஓடும். நகரத்தில் உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளிலும், அம்பாறைப் பக்கம் கொண்டவட்டவான் குளத்துத் தண்ணீர் வருகிற வீடுகளிலும் வேறெங்கும் தேட வேண்டாம். குளத்து நீர் பெரும்பாலும் கிணற்று நீரைவிட மென்மையானது. குழாய் வராதவர்கள் கடையில் விற்கிற ஆர்.ஓ. தண்ணீரில் (சவ்வு வடிகட்டியில் உப்புகளை நீக்கிய தண்ணீர்) ஒரு கோப்பையை ஒதுக்கலாம்.

மழைநீர்தான் என் விருப்பம். கார்த்திகை, மார்கழியில் நமக்குக் குறைவில்லை. முதல் மழையில் கூரை கழுவப்படட்டும், அதைப் பிடிக்காதீர்கள். ஓட்டுக் கூரைப் பீலியிலிருந்து வாளியில் பிடித்து, துணியில் வடித்து, ஒரு தரம் கொதிக்கவைத்து ஆற்றிப் பிளாஸ்டிக் கானில் அடையுங்கள். புதிய சீமெந்துத் தொட்டியில் தேக்குவது பெரிய தவறு. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு இறங்கி, மென்னீராகப் பிடித்தது தொட்டிக்குள்ளேயே வன்னீராகிவிடும். மூடியை இறுக்கி வையுங்கள், டெங்கு நுளம்புக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நல்ல தண்ணீர் கையில் இருந்தும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. குளித்தவுடன், கிணற்றுத் தண்ணீரும் குளியல் சவர்க்காரமும் சேர்ந்த படை முகத்தில் இருக்கும்போதே நுரை போடுகிறார்கள். முகத்தை முதலில் கோப்பைத் தண்ணீரில் இரண்டு கை அள்ளிக் கழுவுங்கள். வழித்து முடிந்ததும் அப்படித்தான். மிச்ச நுரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கோப்பையில் மீந்த தண்ணீரால் அலசுங்கள். நுரை இருக்கிற முகத்தில் நேரே கிணற்று வாளியைக் கவிழ்த்தால், அந்த வெள்ளைத் துகள் தோலிலேயே படிந்துவிடும். வழித்த பிறகு முகம் இழுக்கிறது, அரிக்கிறது என்று சொல்வதில் பாதி இதனால்தான்.

பிரஷ்ஷையும் பாருங்கள். மாதக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருந்தால் மயிர்களின் அடியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கும். மழைநீர் எடுத்தும் நுரை மந்தமாக வருகிறதென்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வினாகிரி கலந்து, மயிர் மட்டும் நனையும்படி பத்து நிமிடம் வைத்து, மென்னீரில் இரண்டு மூன்று தரம் அலசி, உதறி, நிழலில் காயவிடுங்கள். றேசரை அதில் ஊறப்போட வேண்டாம், முலாம் போய்விடும்.