கிட்டார் கம்பியை இழுக்கும்போது சுருதி பிசகாமல் இருக்க

செங்கோட்டையில் என் வீட்டுக்கு கிட்டார் கற்க வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே தடுமாற்றம்தான். ஸ்வரத்தை உயர்த்த, அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள், எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தைக் காது முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2-ஆம் கம்பியில் (இருப்பதிலேயே மெல்லியதுதான் 1-ஆவது) 10-ஆம் ஃப்ரெட்டை, அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டுகளில் 10-ஆவதை, வாசித்து, கூடவே பாடுங்கள். அப்புறம் 8-ஆம் ஃப்ரெட்டை மோதிர விரலால் அழுத்தி, மேலே தள்ளி, பாடிய அதே ஒலிக்குக் கொண்டுபோங்கள். கர்நாடக இசையில் ச-விலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் (பெரிய ரி) போகிற தூரம்தான் இது. நடுவிரல் பின்னால் முட்டுக்கொடுக்கட்டும். விரலால் மட்டும் தள்ளினால் வலிதான் மிஞ்சும். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, ஆள்காட்டி விரலை 1-ஆம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டில் வைத்து இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். சுருதி விலகியிருந்தால் ஒலி அலைஅலையாக நடுங்கும். நெருங்க நெருங்க அந்த நடுக்கம் மெதுவாகி, சேர்ந்ததும் அப்படியே அடங்கிவிடும். அந்த நொடியைக் கேட்பது அவ்வளவு சுகம்!

இன்னொன்று: சாரல் காலத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.