சென்னையில் வீடு தேடும்போது தெருவைப் படிக்கத் தவறாதீர்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், பூஜையறை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பார்கள். தெருவைப் பார்க்க மாட்டார்கள். சென்னையில் ஐந்து முறை வீடு மாறியவன் நான். வீட்டினால் பட்ட அவதியைவிட, அது இருந்த ஏரியாவைப் புரிந்துகொள்ளாமல் பட்ட அவதியே அதிகம்.

முதல் தவறு, சித்திரை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது. தென்புறநகர் ஒன்றில் அப்படித்தான் ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தேன். சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று தரகர் அடித்துச் சொன்னார். குடிபோன அன்று சமையலறை மூலையில் நான்கு செங்கற்கள் கிடந்தன. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன குப்பை என்று எடுத்துக் கொல்லையில் போட்டேன். ஐப்பசி மழையில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அதே நான்கு செங்கற்களையும் தேடி எடுத்துவந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் கொடுத்தேன்.

அந்தத் தெருவின் பெயரே ஏரிக்கரைத் தெரு. நம் முன்னோர் ஒளிவுமறைவில்லாமல் பெயர் வைத்திருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கிய சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சொல்லும்போதே அங்கே நீர் நின்றிருக்கிறது என்பது காதில் விழ வேண்டும். புறநகருக்கு மட்டும் உள்ள கதை இல்லை இது. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரி போனாலும் தண்ணீருக்கு வழி மறப்பதில்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடைய வேண்டும். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்தை, குப்பைமேடும் கட்டடங்களும் எவ்வளவோ விழுங்கிவிட்டன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் அதே பெயர்களைத்தான் செய்தியில் கேட்டோம்.

வாசற்படியையும் பாருங்கள். பழைய தெருக்களில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சாலையிலிருந்து இறங்கிப் போகும் வீட்டுக்குத் தண்ணீரும் இறங்கித்தான் வரும்.

மழைக்குப் பார்த்துவிட்டுக் கோடையை மறப்பது இதே தவறின் மறுபக்கம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த ஊர் இது. பழைய மகாபலிபுரம் சாலையில் பல அடுக்ககங்களில் மாத வாடகையோடு லாரித் தண்ணீர்ச் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதும் வேண்டாம். மதுராந்தகம் பக்கத்து மனைக்கும் “சென்னைக்கு மிக அருகில்” என்று விளம்பரம் வருகிறது. காலை எட்டரை மணிக்கு நீங்களே ஒருமுறை போய்வந்து நிமிடத்தில் அளந்து பாருங்கள். தாம்பரம் மார்க்கத்தில் ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிப்போகிறது. தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, கடப்பதற்குச் சுரங்கப்பாதையா மேம்பாலமா, அந்தச் சுரங்கப்பாதை மழையில் மூடப்படுமா என்பதெல்லாம் தினசரி வாழ்க்கை.

என்னை மிகவும் வருத்துகிற தவறு வேறு. “ராயபுரமா? வியாசர்பாடியா? அந்தப் பக்கம் வேண்டாம்” என்று வடசென்னையைப் போய்ப் பார்க்காமலேயே ஒதுக்குவது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே. மாலையில் வியாசர்பாடி மைதானங்களில் பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்தவர்கள் அந்த ஊரைச் சினிமாவில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். எண்ணூர், மணலிப் பக்கம் ஆலைப் புகை இருக்கிறது. அது மெய்யான குறை, அதைக் கேட்டு விசாரித்தே முடிவு செய்யுங்கள். ஆனால் புகையை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் அங்கே வசிப்பவர்கள் இல்லை. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைக்கப்பட்டவர்கள், முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்க நேர்கிறது. ஒரு ஏரியாவைப் பற்றி நாம் அலட்சியமாகச் சொல்லும் ஒரு சொல் அங்குள்ள பிள்ளையின் வேலைவாய்ப்பைக் கெடுப்பதில் போய் முடிகிறது.

மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும்தான் பழமை உண்டு, புறநகர் நேற்று முளைத்த கான்கிரீட் என்பதும் தவறு. இந்தியாவின் பழைய கற்காலத்துக்கு முதல் சான்றாக நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கல்லாயுதம் கண்டெடுத்தது பல்லாவரத்தில். சேக்கிழார் பிறந்தது குன்றத்தூரில். வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புதிய அடுக்ககத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பழைய கிராமத்துக்குள் நடந்து போய்ப் பாருங்கள். கோயிலும் குளமும் பழைய ஓட்டு வீடுகளும் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். அந்த மேட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே சாலை எவ்வளவு இறங்குகிறது என்பது நடக்கும்போதே காலுக்குத் தெரிந்துவிடும்.

யாரிடம் விசாரிப்பது என்று கேட்டால், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம். அவரிடமும் “இங்கே தண்ணீர் நிற்குமா?” என்று கேட்காதீர்கள், தெருக்காரர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல் இல்லை என்றுதான் சொல்வார். “2015இல் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள். போன முறை வீடு தேடியபோது ஒரு அம்மாவிடம் அப்படிக் கேட்டேன். தேய்த்துக்கொண்டிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல், வண்டியின் மேல்பலகையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.