சோயாவில் நோய் எதிர்ப்பு மரபணு: தேர்வில் சறுக்கும் இடங்கள்

விதைப் பையில் "நோய் எதிர்ப்பு ரகம்" என்று அச்சிட்டிருந்தால் அது பாதித் தகவல்தான். எந்த மரபணு, எந்த மூலத்திலிருந்து வந்தது, வயலில் இருக்கும் கிருமியின் எந்த இனத்தைத் தடுக்கும் என்று தெரியாமல் வாங்குவதில்தான் முதல் சறுக்கல்.

சோயாவின் வேரைத் தாக்கும் நுண்புழுவான சிஸ்ட் நூற்புழுவில் இது அப்பட்டமாகத் தெரியும். எதிர்ப்புக்கு முதன்மையான இடம் 18ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எச்ஜி1. இதை 'உண்டு, இல்லை' என்று மட்டும் சோதிப்பது தவறு. சுமார் 31,000 கார இணை (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி) நீளமுள்ள ஒரு துண்டு அங்கே அடுத்தடுத்துப் பல படிகளாக (நகல்களாக) நிற்கிறது. படிகளின் எண்ணிக்கைதான் பேசுகிறது. எதிர்ப்பில்லாத வில்லியம்ஸ் 82 ரகத்தில் ஒரு படி, எதிர்ப்பு தரும் மூலங்களான பீக்கிங்கில் மூன்று, பிஐ 88788இல் ஒன்பது பத்து. பீக்கிங்கின் மூன்று படிகள் தனியே போதாது. 8ஆம் குரோமோசோமின் ஆர்எச்ஜி4உம் கூடவே வர வேண்டும். பீக்கிங்கோடு கலப்புச் செய்து ஆர்எச்ஜி1ஐ மட்டும் பார்த்துத் தேர்ந்தால், பிறகு வேரெல்லாம் புழு. பழி என்னவோ மரபணுக் குறிப்பான் (மரபணு இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) மேல்தான் விழும்.

இன்னொன்று, ஆண்டுதோறும் ஒரே மூலம். அமெரிக்காவில் விற்ற எதிர்ப்பு ரகங்களில் மிகப் பெரும்பகுதி பிஐ 88788 வழி வந்தவை. அதிலேயே பெருகப் பழகிய புழுக்கள் இன்று பல வயல்களில் உள்ளன. ரகத்தின் பெயரை மாற்றிப் பயனில்லை, மூலத்தை மாற்ற வேண்டும். விதைத்து ஆறு வாரம் ஆனதும் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். கையால் பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்ணை மெல்ல உதிர்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை அல்லது மஞ்சள் மணிகள் வேரில் ஒட்டியிருக்கும். அவை பெண் புழுக்கள். வேர்முடிச்சுகள் இவற்றைவிட நன்றாகப் பெரியவை. எதிர்ப்பு ரகத்தில் இவை நிறைய இருந்தால் வயலின் புழு எந்தெந்த மூலத்தில் பெருகுகிறது என்று காட்டும் எச்ஜி வகைச் சோதனைக்கு மண் அனுப்புங்கள். எதிர்ப்பற்ற ரகத்தில் வளரும் பெண் புழுக்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ ஒரு மூலத்தில் வளர்ந்தால், அந்த மூலம் அந்த வயலில் தளர்ந்துவிட்டது.

மண்ணில் வாழும் கிருமியால் வேரும் தண்டும் அழுகும் பைட்டோப்தோரா அழுகலில் குழப்பம் வேறு மாதிரி. இதற்கு எதிரான ஆர்பிஎஸ் மரபணுக்கள் விதை முளைக்கும்போதே காக்கும், ஆனால் குறிப்பிட்ட இனங்களை மட்டும். பல மரபணுக்கள் சேர்ந்து தரும் பகுதி எதிர்ப்பு எல்லா இனங்களையும் ஓரளவு தாங்கும். ஆனால் முதல் இலைகள் விரியும்வரை அதை நம்ப முடியாது, அதுவரை விதை நேர்த்திதான் துணை. பகுதி எதிர்ப்பை நாற்றின் தண்டைக் கீறிக் கிருமி வைக்கும் சோதனையால் அளக்கக் கூடாது. நல்ல வரிசைகளும் அதில் செத்துப்போகும். விதைக்குச் சுமார் 5 செ.மீ. கீழே கிருமி வளர்ந்த அகார் கூழைப் பரப்பி, வேர் தானாக அதைத் தொட விடும் அடுக்குச் சோதனையே பொருந்தும்.

மரபணுக்களை அடுக்கும் ஆசையிலும் கவனம் தேவை. ஆர்பிஎஸ்1சி, ஆர்பிஎஸ்1கே இரண்டும் ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள். ஓர் இடத்தில் ஒரே வடிவம் மட்டும் நிற்கும் தூய வரிசையில் இரண்டையும் சேர்த்து நிறுத்தப் பார்ப்பது வீண் உழைப்பு. 1கேவுடன் வேறு இடத்திலுள்ள 3ஏவைச் சேருங்கள்.

குறிப்பான் மரபணுவின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஏமாற்றும். மரபணுவிலிருந்து 5 சென்டிமார்கன் (மரபணுத் தொலைவின் அலகு) தள்ளியுள்ள ஒற்றைக் குறிப்பானை நம்பி நான்கு பின்கலப்புகள் (நல்ல ரகத்தோடு மீண்டும் கலப்பது) செய்தால், குறிப்பான் உள்ள செடிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் மரபணு நழுவியிருக்கும். இரு பக்கமும் குறிப்பான் வையுங்கள். கடைசித் தலைமுறையைக் கட்டாயம் நோயேற்றிச் சோதியுங்கள்.

துரு நோயில் புள்ளி தெரிந்தவுடன் செடியைக் கழித்துவிடுகிறார்கள். 10 மடங்கு லென்ஸில் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளிர்பழுப்புப் புள்ளியில் தூள் தூளாக வித்துகள் கொட்டினால் எதிர்ப்பில்லை. செம்பழுப்பாக இருந்து, வித்து அரிதாகவோ இல்லாமலோ இருந்தால் அது துரு எதிர்ப்பு தரும் ஆர்பிபி மரபணு வேலை செய்யும் தடயம். அந்தச் செடியைக் கழிக்காதீர்கள்.