சக்கர நாற்காலி தானம் செய்யுமுன் அளவெடுங்கள்

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை உடல்திறன் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை, அதில் இருந்தவரே முன்னின்று பார்த்துச் செய்த இடம் அது. கொடுப்பவர்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்: உட்காரப் போகிறவரிடம் போய் டேப்பை வைத்து அளவெடுங்கள்.

கடையில் முதலில் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் 18 அங்குல இருக்கை. ஒல்லியான ஆளுக்கு அது ஆகாது. இடுப்பின் அகலத்தோடு 1 அங்குலம் கூட்டினால் போதும். அதற்கு மேல் அகலமானால் ஆள் ஒருபக்கமாகச் சாய்வார், நாளடைவில் முதுகு கோணும், சக்கரத்தை எட்டித் தள்ளித் தோள் வலிக்கும். பிள்ளைகளுக்கு 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிதாக வாங்கவே கூடாது.

ஆழத்துக்கு, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 அங்குலம் கழியுங்கள். நீளமாக இருந்தால் முன்னால் சறுக்கிச் சறுக்கி வால் எலும்பில் புண் வரும். கால்மிதி தரையிலிருந்து 2 அங்குலமாவது உயரட்டும். அதிகம் தூக்கினால் தொடை எழும்பி, பாரம் முழுக்கப் பின்புறத்தில் இறங்கும்.

மெத்தையில் மிச்சம் பிடிக்காதீர்கள். உணர்ச்சியில்லாத உடம்புக்குப் புண் வருவது தெரியாது. ஆள் உட்கார்ந்தபின் மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை உதவாது. அரைமணிக்கு ஒருதரம் முன்பக்கம் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். ராத்திரி தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லையென்றால் அது புண்ணின் தொடக்கம். அங்கே தேய்க்காதீர்கள், சிவப்பு மறையும்வரை அந்த இடத்தில் பாரமே படக்கூடாது.

பிறகு வீடு. 18 அங்குல இருக்கை உள்ள நாற்காலியின் மொத்த அகலம் 26 அங்குலம் வரை வரும். பழைய வீடுகளில் தார்சா என்கிற முன்கூடத்தைத் தாண்டும், ஆனால் அடுக்களை நிலைவாசலில் மாட்டிக்கொள்ளும். கதவைத் திறந்துவைத்து உள் இடைவெளியை அளந்துவிடுங்கள். வாசல்படி 6 அங்குலமென்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். குறைத்தால் நாற்காலி பின்னால் கவிழும்.

காற்றடிக்கும் டயர் மேடுபள்ளத்துக்கு நல்லது, ஆனால் உடைமரத்து முள் குத்தும். காற்று இறங்கினால் பிரேக் டயரைப் பிடிக்காது. கட்டிலுக்கு மாறும் நேரத்தில் நாற்காலி நழுவி ஆள் கீழே விழுவார். அதனால் நாற்காலியோடு கைப்பம்பு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.