அலையாத்திக் காட்டுக்குள் கூட்டமாகக் கயாக் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அலையாத்திக் காட்டுக் கால்வாய்களில் அலை கிடையாது, இரண்டு பக்கமும் மரம், பல இடங்களில் ஆழமும் இடுப்பளவுதான். இதைப் பார்த்துவிட்டு "இதில் என்ன ஆகப்போகிறது" என்று கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகில், இறங்குகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அங்கே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை கரையில் நிற்கும்போதே முடிவாகிவிடுகின்றன. எந்த நேரத்தில் இறங்குகிறோம், யாரோடு யார் உட்காருகிறோம், கடைசிப் படகில் யார் இருக்கிறார், இவ்வளவுதான் விஷயம்.

முதலில் நேரம். பத்துப் பேர் சேர்ந்து போகிறோம் என்றால் பத்துப் பேருக்கும் வசதியான நேரத்தைப் பார்க்கிறோம், தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் காலை 8 மணிக்குத் தண்ணீர் நிறைந்து கிடந்தது என்று நண்பர் சொன்னால், இந்த வாரம் அதே கிழமை அதே 8 மணிக்கு அங்கே ஏறக்குறைய வற்றமாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, கடல் நகர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது. இறங்க ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு. அதாவது நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. "இன்னும் நிறையத் தண்ணீர் இருக்கிறதே, அந்த வளைவையும் பார்த்துவிட்டு வரலாம்" என்று தோன்றுவது பெரும்பாலும் இந்த இறக்கம் வேகமெடுப்பதற்குச் சற்று முன்னால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் அதிகம், இழுப்பும் பலமாக இருக்கும்.

ஏற்றம் உச்சிக்கு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும்போது இறங்கி, ஏறுகிற தண்ணீரோடு உள்ளே போய், உச்சியில் திரும்பி, அது இறங்க ஆரம்பிக்கும்போதே கூடவே வெளியே வந்துவிடுவதுதான் நல்ல திட்டம். ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் அட்டவணையில் இருப்பது கடலோரத்து நேரம், காட்டுக்குள் அது தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பது அந்த இடத்து மீனவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் தெரியும், கேளுங்கள். ஏற்றம் மிக உயரமாக இருக்கும் நாளில் கிளைகள் கவிந்த குறுகிய பாதைகளில் தலை நுழையாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தரைதட்டிவிட்டது. உடனே இறங்கித் தள்ளலாம் என்று ஒருவர் காலை வெளியே வைப்பார், அதை மட்டும் செய்யவே கூடாது. அந்தச் சேறு முழங்கால் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் உள்வாங்கும். பிடுங்கப் பிடுங்க இன்னும் இறுகும். படகிலேயே இருங்கள். பின்னால் வருகிறவர்களை அங்கேயே நிறுத்துங்கள், துடுப்பால் தரையை ஊன்றிப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கால் ஏற்கெனவே புதைந்துவிட்டால் படகின் மேல் சாய்ந்து, உடல் எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தண்ணீர் திரும்பி வரும்வரை காத்திருப்பதுதான் வழி, அது பல மணி நேரமாகலாம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கும் கூடுதல் குடிநீரும் ஒரு டார்ச்சும் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் கூட்டம். வேகமாகத் துடுப்புப் போடுகிறவர்கள் முன்னால் பறந்துவிடுவார்கள், மெதுவாக வருகிறவர்கள் தனியாகிவிடுவார்கள். அலையாத்திக் காட்டில் ஒரு வளைவு தாண்டினால் ஆள் கண்ணுக்குத் தெரியாது, கிளைக் கால்வாய் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும், அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். வழி தெரிந்த ஒருவர் முன்னால், நன்றாகத் துடுப்புப் போடத் தெரிந்த இன்னொருவர் கடைசியில், இவர்கள் இருவருக்கும் வெளியே யாரும் போகக்கூடாது. பிரிவு வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று தலை எண்ணுங்கள். எண்ணும் வேலை ஒருவருடையதாக இருக்கட்டும், எல்லோரும் எண்ணினால் யாருமே எண்ணியதாக ஆகாது. விசில் எல்லோருக்கும் வேண்டும்: ஒரு ஊதல் என்றால் நில், மூன்று என்றால் ஆபத்து. இதைக் கரையிலேயே பேசிவிட வேண்டும்.

இரட்டை இருக்கைப் படகில் ஜோடி சேர்ப்பதிலும் தவறு நடக்கிறது. நெருங்கிய நண்பர்கள் என்று புதியவர்கள் இருவரை ஒன்றாகப் போட்டால் அந்தப் படகு பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொண்டே வரும். துடுப்புப் போடத் தெரிந்தவரைப் பின்னால் உட்கார வையுங்கள், திருப்புவது அங்கிருந்துதான். எடை அதிகமானவரும் பின்னால் இருப்பதே நல்லது.

புதியவர்களுக்கு முன்னே போகச் சொல்லித் தருகிறோம், நிறுத்தவும் பின்னே வரவும் சொல்லித் தருவதில்லை. குறுகிய பாதையில் இந்த இரண்டும்தான் முதலில் தேவைப்படும். படகுக்கும் படகுக்கும் நடுவே குறைந்தது ஒரு படகு நீளமாவது இடைவெளி விடுங்கள். இழுப்பு இருக்கும்போது பயத்தில் கிளையைப் பிடித்துத் தொங்காதீர்கள், நீங்கள் நிற்பீர்கள், படகு கீழே நழுவிப் போய்க் கவிழும். தண்ணீர் உங்களைப் பக்கவாட்டில் மரத்தின் மேல் அழுத்தினால் உடல் தானாக மரத்தை விட்டு விலகிச் சாயப் பார்க்கும், அப்போது மரத்தின் பக்கமாகவே சாய வேண்டும். கவிழ்ந்துவிட்டால் வேர்களுக்குள் நீந்தப் பார்க்காமல் படகைப் பிடித்துக்கொண்டு திறந்த தண்ணீருக்கு வாருங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டாமல் சும்மா தோளில் போட்டிருந்தால் அந்த நேரத்தில் அது கழுத்துக்கு ஏறிவிடும், உதவாது.

செருப்பு வேண்டாம், சேறு அதை வைத்துக்கொள்ளும். வேர்களில் ஒட்டி வளரும் சிப்பிகளின் விளிம்பு கத்தி போல வெட்டும், அதனால் காலை முழுக்க மூடும், இறுக்கமாகக் கட்டும் ஷூ போடுங்கள். கொசு மருந்தையும் வெயில் கிரீமையும் தண்ணீரில் இறங்குவதற்கு வெகு முன்னால் பூசி ஊற விடுங்கள். இரண்டும் கரைந்து போவது அந்தத் தண்ணீரில்தான்.

சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். அந்தச் சேற்றில் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. படகை அவற்றின் மேல் ஏற்றுவதும், படம் எடுக்க அவற்றின் மேல் இறங்கி நிற்பதும் மரத்தின் மூச்சை மிதிப்பது. சுரபுன்னையில் நீளமாகத் தொங்குபவை மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்றுகள், தயவுசெய்து பறிக்காதீர்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களுக்குக் கீழே கூட்டமாக நின்று கத்த வேண்டாம், பெரிய பறவை பறந்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் தனியாகக் கிடக்கும்.

வானத்தையும் கிளம்பும் முன்பே பாருங்கள், உள்ளே போன பிறகு அது சரியாகத் தெரியாது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கரைக்குத் திரும்புங்கள், கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் 30 நிமிடம் கழியாமல் மறுபடி இறங்காதீர்கள். கிளம்புவதற்கு முன், எத்தனை பேர், எந்தக் கால்வாய், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் ஆளைக் காணோம் என்று உதவி கேட்க வேண்டும் என்பதை, உங்களோடு வராத ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.