கூட்டமாகப் போய்த் தோட்டத்தைக் கெடுக்காமல் இருப்பது எப்படி?

சமூகத் தோட்டம் ஒன்றைச் சுத்தம் செய்ய ஒரே நாளில் முப்பது பேர் கிளம்பி வருவது நல்ல விஷயம்தான். ஆனால் ஒருவருக்குக் களை எது, செடி எது என்று தெரியாவிட்டால் நாலு செடி போகும். முப்பது பேருக்கும் தெரியாவிட்டால் மதியத்துக்குள் பாத்தி பாத்தியாகக் காலியாகிவிடும். இப்படிப்பட்ட குழுக்கள் சோம்பலால் செய்யும் தவறு குறைவு. யாரிடமும் கேட்காமல் காட்டும் சுறுசுறுப்புதான் அதிகம் கெடுக்கிறது.

தோட்டத்தைத் தினமும் பார்த்துக்கொள்பவர்களைக் கேட்காமல் நாள் குறிப்பதில் இது தொடங்குகிறது. எத்தனை பேரைச் சமாளிக்க முடியும், எத்தனை மண்வெட்டி இருக்கிறது, எந்தப் பாத்தி யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கவனிப்பாரற்றுக் கிடப்பதுபோலத் தெரியும் பாத்தியை ஒருவர் வேண்டுமென்றே ஓய்வுக்கு விட்டிருக்கலாம். பூத்து முற்றிக் காய்ந்து நிற்கும் முள்ளங்கிச் செடி விதைக்காக விடப்பட்டதாக இருக்கலாம். ஏற்பாடு செய்பவர் முன்கூட்டியே ஒருமுறை போய், அவர்களோடு தோட்டத்தைச் சுற்றி வந்து, தொடக்கூடாத இடங்களில் குச்சி நட்டு ரிப்பன் கட்டிவிடுவது நல்லது.

அடுத்தது களையெடுப்பு. அதிக சேதம் இங்கேதான். கேரட் நாற்றின் முதல் இலைகள் புல் மாதிரி மெல்லிசாக இருக்கும். புதிதாக வருபவர் அதைத்தான் முதலில் பிடுங்குவார். "களைகளை எல்லாம் எடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் இதுதான் நடக்கும். அன்றைக்கு எடுக்க வேண்டிய இரண்டு மூன்று களைகளை வேரோடு பிடுங்கி ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். இவற்றை மட்டும் எடுங்கள், சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள்.

எடுக்கும் விதமும் களைக்குக் களை மாறும். கோரையை மேலே இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். அருகம்புல்லை மண்வெட்டியால் கொத்தினால் கணு உள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகலாம். இவற்றை மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் மண்ணை நெகிழ்த்தி முழுசாகத்தான் எடுக்க வேண்டும். விதையிலிருந்து முளைத்த சிறு களைகளுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. வெயில் உள்ள நாளில் மேலாகச் சுரண்டிவிட்டால் காய்ந்துவிடும். ஆர்வத்தில் ஆழமாகக் கொத்திப் புரட்டினால், புதைந்து கிடந்த களை விதைகள் மேலே வரும். அவற்றில் பலவும் வெளிச்சம் பட்டால் முளைப்பவை. பளிச்சென்று விட்டுப்போன பாத்தி சில வாரங்களில் பச்சையாக நிற்கும்.

அதனால் களையெடுத்த கையோடு மூடாக்குப் போடுங்கள், அதாவது சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடிவிடுங்கள். 5 முதல் 8 செ.மீ. தடிமன் போதும். அதை மரத்தடியில் கோபுரம்போலக் குவிப்பவர்களை எங்கேயும் பார்க்கலாம். பார்க்க அழகுதான், ஆனால் பட்டை எந்நேரமும் ஈரமாக இருந்து அழுகும். தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே போடுங்கள். புதிய மரத்தூளையும் மரச்சில்லுகளையும் மண்ணோடு கலக்காதீர்கள். அவை மட்கும்போது மண்ணில் உள்ள நைட்ரஜன் செடிக்குக் கிடைக்காமல் போகும். மேலே பரப்பினால் பிரச்சினையில்லை.

மழை பெய்த மறுநாள் வேலையா? ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. பிசைந்த மாவுபோல அப்படியே இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். ஈர மண்ணை அத்தனை கால்களும் மிதித்தால் இறுகிவிடும். அப்புறம் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. காய்ந்த நாளிலும் பாத்திக்குள் இறங்க வேண்டாம். நடைபாதையில் நின்றோ பலகை போட்டோ வேலை செய்யுங்கள்.

பிடுங்கியதையெல்லாம் கம்போஸ்ட் குவியலில் கொட்டுவதும் வழக்கமான தவறு. களை விதைகள் சாக, குவியலின் உள்வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நீடிக்க வேண்டும். புரட்டியும் விட வேண்டும். பல சிறு குவியல்கள் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை. விதை வைத்த களை, நோய் பிடித்த செடி, கிழங்கு மூன்றும் தனி மூட்டையில் போகட்டும். நோய் பிடித்த செடியை வெட்டிய கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

களைக்கு உப்புப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். உப்பு தங்கிவிட்டால் அடுத்து நடும் செடியும் வராது. களைக்கொல்லியும் தோட்டத்தாரின் அனுமதி இல்லாமல் கூடாது. காற்றில் பக்கத்துப் பாத்திக்குப் போகும்.

எல்லாச் சருகையும் கூட்டி அள்ளிவிட வேண்டும் என்ற வெறி எனக்குப் புரிகிறது. புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் பூச்சிகளைத் தின்னும் வண்டுகளும் சிலந்திகளும் அந்தச் சருகில்தான் ஒதுங்குகின்றன. ஒரு மூலையையாவது விட்டுவையுங்கள். வேலியையோ புதரையோ வெட்டுமுன் உள்ளே பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் மறந்துபோகும். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்கும். கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். சருகுக் குவியலுக்குள் கையை விடுமுன் குச்சியால் கிளறுங்கள். சருகு வாரியைப் பல் மேலே தெரியும்படி கீழே போடாதீர்கள். மண்வெட்டி ஓங்குபவருக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து களையெடுக்கக்கூடாது.

ஆட்களை ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் விவரம் தெரிந்த ஒருவரை வையுங்கள். கருவி போதாவிட்டால் ஒரு குழு மூடாக்குச் சுமக்கட்டும். கிளம்புமுன் குப்பை மூட்டைகளை யார் எடுத்துப்போவது என்று முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அவை வாசலிலேயே கிடக்கும். அப்புறம், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுளையைப் பிடுங்க வரும் நாலைந்து பேரின் பெயரை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் யாரும் மாட்ட மாட்டார்கள்.