வேலை போனதை வீட்டில் சொல்வது எப்படி?

ஆம்பளைன்னா சம்பாதிக்கணும், அழக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேலை போனால் முதலில் வாய்தான் அடைத்துக்கொள்ளும். நானும் பதினோரு நாள் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூங்காவில் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் வீடு திரும்பியவன். அதைச் செய்யாதீர்கள். அன்றைக்கே, குழந்தைகள் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டு "வேலை போயிடுச்சு, பயமா இருக்கு" என்று மனைவியிடம் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம், அதை விழுங்கினால் பத்து நாளில் கோபமாக வெளியே வரும், அதுவும் அவர் மேலேயே. அப்புறம் கையிருப்பு, இஎம்ஐ, நகைக்கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால், கொஞ்ச நாள் அவர் சம்பளத்தில் வீடு ஓடட்டும், சமையலை நீங்கள் பாருங்கள். மனபாரத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆண்கள். தூக்கம் வராமல் மனசு கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.